பீக்கரில் படியும் கருப்பு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

காட்பாடியில் எம்.எஸ்ஸி. வேதியியல் கடைசி வருஷம் படிக்கிறேன். காயத்துக்குக் கட்டும் துணியில் பாலிடோபமைன், அதாவது டோபமைன் கரைசலில் தானாகப் படியும் கருப்புப் படலம், பூசுவதுதான் என் புராஜெக்ட். டோபமைனைக் கரைத்து வைத்தால் விடிவதற்குள் கருப்பாகிவிடுகிறது, அவ்வளவுதான். மூளையின் சந்தோஷ ரசாயனத்தை பீக்கரில் கொட்டி வீணாக்குகிற மாதிரி இருக்கிறது. நானே போனை ஒதுக்கிவைத்து டோபமைன் டீடாக்ஸ் செய்து வருகிறேன். புராஜெக்டைப் பேருக்கு முடித்துவிட்டு டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கலாமா?

க.

அன்புள்ள க.,

போனை ஒதுக்கியது நல்லது, தூக்கமாவது வரும். அதனால் மூளையிலிருந்து டோபமைன் வடிந்துவிடாது. வடிந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். வேதியியல் படிக்கிற பிள்ளை ‘சந்தோஷ ரசாயனம்’ என்று எழுதலாமா? படித்ததும் கோபம்தான் வந்தது.

என் பெரியப்பா ஆம்பூரில் டேனரியில் கணக்கு எழுதியவர். முத்து முத்தான கையெழுத்து. பார்க்கின்சன் நோய் வந்தபிறகு அது வரிக்கு வரி சிறுத்து, அவருக்கே படிக்க முடியாமல் போனது. சட்டைக்குப் பொத்தான் போட அரைமணி நேரம் ஆகும். வாசற்படிக்கு வந்தால் கால் எழும்பாது, அப்படியே நிற்பார். பெரியம்மா தரையில் குறுக்காக சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். அந்தக் கோட்டைப் பார்த்ததும் தாண்டிவிடுவார்! டோபமைனையே மாத்திரையாகக் கொடுத்தால் அது மூளைக்குள் போகாது. லெவோடோபா என்ற மருந்து போகும், உள்ளே போய் டோபமைனாக மாறும். கறியோடும் பருப்போடும் சேர்த்துக் கொடுத்தால் அதையும் புரதம் வழிமறிக்கும். அதனால் மாத்திரையை முன்னாலேயே கொடுத்துவிட்டு, சோற்றை மூடிவைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி இருப்பார் பெரியம்மா.

இனி உங்கள் கருப்புக்கு வருகிறேன். டோபமைன் சுரக்கும் செல்கள் நடுமூளையில் கூடியிருக்கும் இடம் சப்ஸ்டான்ஷியா நைக்ரா. மூளையை வெட்டிப் பார்த்தால் அந்த இடம் வெறும் கண்ணுக்கே கருப்பாகத் தெரியும். அந்தக் கருப்பு நியூரோமெலனின் என்ற நிறமி, டோபமைன் ஆக்சிஜனேற்றம் அடைந்து உண்டாவது. பார்க்கின்சனில் அந்தச் செல்கள் செத்து, இடமே வெளுத்துப்போகிறது. உங்கள் பீக்கரில் இரவெல்லாம் நடப்பதும் ஆக்சிஜனேற்றம்தான். இரண்டும் ஒரே பொருள் இல்லை, ஆனால் நெருங்கிய சொந்தம். என் பெரியப்பாவின் தலைக்குள் வெளுத்துப்போனதன் பங்காளி உங்கள் மேஜையில் கருத்துக்கொண்டிருக்கிறது. ‘அவ்வளவுதான்’ என்று எழுத எப்படி மனம் வந்தது?

அலை எவ்வளவு அடித்தாலும் பாறையை விடாத மட்டிச் சிப்பியின் பசைப் புரதத்தில் டோபமைனுக்கு உறவான டோபா நிறைய உண்டு. அதைப் பார்த்துத்தான் ஹேஷின் லீ, பிலிப் மெசர்ஸ்மித் என்ற விஞ்ஞானிகள் தங்கள் குழுவோடு 2007இல், லேசான காரத்தன்மையுள்ள (பி.ஹெச். 8.5) கரைசலில் டோபமைனைப் போட்டு, எதுவும் ஒட்டாத டெஃப்லான் மேலேயே படலம் படியவைத்தார்கள். ஒரு நாள் முழுக்க ஊறினாலும் சுமார் 50 நானோமீட்டர் தடிமன்தான். அந்தப் படலத்தை வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்தால், அதுவே வெள்ளித் துகளை உண்டாக்கித் தன்மேல் பிடித்துவைத்துக்கொள்ளும். கிருமியைத் தடுக்கும் கட்டுத்துணிக்கு அது எவ்வளவு தோதானது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

டி.என்.பி.எஸ்.சி.க்கு தாராளமாக விண்ணப்பம் போடுங்கள், அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. புராஜெக்ட் அறிக்கையின் முன்னுரையில் நியூரோமெலனின் பற்றி இரண்டு பக்கம் எழுதுங்கள். கைடு வெட்டச் சொன்னால், வெட்டிய பக்கங்களை எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா