வீட்டிலிருந்தே குரல் கொடுத்துச் சம்பாதிக்க முடியுமா?

கேள்வி: “என் குரல் நன்றாக இருக்கிறது என்று பலரும் சொல்கிறார்கள். வீட்டிலிருந்தே பின்னணிக் குரல் கொடுத்துச் சம்பாதிக்க முடியுமா?”

முடியும். ஏழு ஆண்டுகளாக நான் அதைத்தான் செய்துவருகிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் வேறொரு வேலையோடு சேர்த்து, அதற்குப் பிறகு முழுநேரமாக. ஆனால் உங்கள் கேள்வியின் முதல் வரியை மறந்துவிடுங்கள். என் குரலைப் பாராட்டியவர்கள் யாரும் எனக்கு வேலை கொடுத்ததில்லை. வேலை கொடுத்தவர்கள் யாரும் பாராட்டியதில்லை, “ஃபைல் எப்போது வரும்?” என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

குரல் வேலை என்றதும் விளம்பரம்தான் நினைவுக்கு வரும். அது எப்போதாவது வரும், நன்றாகப் பணம் தரும், அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. எனக்குச் சோறு போடுபவை ஊழியர் பயிற்சி வீடியோக்கள், “தமிழுக்கு எண் இரண்டை அழுத்தவும்” வகைத் தொலைபேசி அறிவிப்புகள், செயலி விளக்கப் படங்கள், அவ்வப்போது ஒலிப்புத்தகம். இவற்றுக்குக் கம்பீரம் தேவையில்லை. நாற்பதாவது நிமிடத்திலும் முதல் நிமிடத்தின் அதே தெம்போடும் அதே ஒலி அளவோடும் படித்தால் போதும். சொல்லக் கேட்டால் எளிதாகத்தான் தோன்றும்.

புதியவர்கள் முதலில் மைக் வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் கையிலிருந்த பணத்தையெல்லாம் போட்டு ஒரு கண்டென்சர் மைக் வாங்கினேன். அது என் குரலை மட்டும் கேட்கவில்லை, வீட்டையே கேட்டது. சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி, மின்விசிறி, தெருவில் போகும் ஸ்கூட்டர், எதையும் விடவில்லை. எதிரொலியோடு பதிவான குரலை எந்த மென்பொருளாலும் முழுதாகச் சுத்தப்படுத்த முடியாது. இப்போது என் ஸ்டூடியோ என்பது துணிகள் தொங்கும் ஓர் அலமாரி, முதுகுக்குப் பின்னால் இரண்டு கனத்த போர்வைகள், வாய்க்கு முன்னால், ‘ப’ சொல்லும்போது வரும் காற்று மைக்கில் அடிக்காமல் தடுக்கும் ஒரு பாப் ஃபில்டர். எடிட்டிங்குக்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளே நெடுநாள் போதுமானதாக இருந்தது.

முதல் பெரிய வேலையில் நாற்பது நிமிடப் பயிற்சிப் பாடம் ஒன்றைப் படித்து அனுப்பினேன். மறுநாள் மொத்தப் பதிவும் திரும்பி வந்தது. பின்னணியில் மெல்லிய ரீங்காரம். எத்தனை முறை கேட்டும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஹெட்ஃபோனை மாட்டி ஒலியை முழுதாக ஏற்றியபோதுதான் பிடிபட்டது. அடுத்த அறையிலிருந்த குளிர்சாதனப் பெட்டி. மொத்தத்தையும் இரவோடிரவாக மறுபடி படித்தேன். அன்று முதல் பதிவுக்கு முன் அதை அணைத்துவிடுகிறேன். மறுபடி போட மறந்து ஒருமுறை பால் கெட்டுப்போனதால், அணைக்கும்போதே வீட்டுச் சாவியை உள்ளே வைத்துவிடுவது வழக்கம். சாவியில்லாமல் வெளியே போக முடியாதல்லவா? ஒலிப்பதிவுக்காரர்களிடம் நெடுநாளாகப் புழங்கும் தந்திரம் இது.

எவ்வளவு அமைதி வேண்டும் என்பதற்கு எண்ணே உண்டு. பதிவில் ஏறக்கூடிய உச்ச ஒலியைப் பூஜ்யம் என்று வைத்து, அதற்குக் கீழே மைனஸில் எண்ணுவார்கள். ஆடிபிள் நிறுவனத்தின் ஒலிப்புத்தகத் தளமான ஏசிஎக்ஸ், பின்னணி இரைச்சல் மைனஸ் 60 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. குரலின் சராசரி அளவு மைனஸ் 23-க்கும் மைனஸ் 18-க்கும் இடையில், உச்சம் மைனஸ் 3-க்குள். அந்தத் தளம் எல்லா நாட்டினருக்கும் திறந்ததல்ல. உங்களால் அதில் சேர முடியாவிட்டாலும் இந்த அளவுகோலைச் சுவரில் ஒட்டிவையுங்கள். இதில் தேறும் பதிவு பெரும்பாலான இடங்களில் தேறும்.

இனி காசுக் கணக்கு. ஒரு மணி நேர ஒலி என்றால் ஒரு மணி நேர வேலை அல்ல. படிக்க இரண்டு மணி நேரம் ஆகும். தடுமாறியது, மூச்சு, உதடு ஒட்டிப் பிரியும் ‘டிக்’ சத்தம் எல்லாவற்றையும் வெட்டி, திரும்பவும் ஒருமுறை கேட்டு முடிக்க இன்னொரு நான்கு மணி நேரம். ஆகவே நீங்கள் கேட்கும் கட்டணத்தை ஆறால் வகுத்துப் பாருங்கள். ஃபைவர் போன்று இணையத்தில் வேலை பிடித்துத் தரும் தளம் வழியாக வந்த வேலை என்றால், அதற்கு முன் தளம் எடுத்துக்கொள்ளும் 20 சதவீதத்தையும் கழித்துவிடுங்கள். மிச்சம் நிற்பதுதான் உங்கள் ஒரு மணி நேரக் கூலி. நான் முதல் வருடத்தில் இந்த வகுத்தலைச் செய்யவே இல்லை. செய்திருந்தால் வருத்தப்பட்டிருப்பேன்.

தமிழில் படிப்பவர்களுக்கு இதில் தனியாக ஒரு குழி இருக்கிறது. பல தளங்களில் கட்டணம் சொல் எண்ணிக்கையில் இருக்கிறது, அந்தக் கணக்கு ஆங்கிலத்துக்குப் போட்டது. ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 சொற்கள். தமிழில் 90-ஐத் தாண்டினால் எனக்கு மூச்சு வாங்கும். ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்பது ஒரே சொல் அல்லவா! 900 சொற்களுக்கு ஆறு நிமிடக் காசு வாங்கிக்கொண்டு பத்து நிமிடம் படித்துக் கொடுத்திருக்கிறேன், அதுவும் பல மாதங்கள். வெட்டி முடித்த ஒலியில் நிமிடத்துக்கு இவ்வளவு என்று மட்டும் பேசுங்கள்.

வருகிற ஸ்கிரிப்ட் பெரும்பாலும் மொழிபெயர்ப்பு. “உங்கள் கணக்கு வெற்றிகரமாக உருவாக்கப்பட்டுள்ளது” என்பது போல வரிக்கு வரி. எழுத்துப் பிழையோடு வரும், எண்களை எப்படிப் படிப்பது என்ற குறிப்பு இல்லாமல் வரும், ஆங்கிலப் படத்தின் நீளத்துக்குள் அடங்காமல் வரும். திருத்திப் படிப்பது வேறு வேலை, அதற்குத் தனிக் கட்டணம். மறுபதிவையும் இப்படியே பிரித்துச் சொல்லிவிடுங்கள். நான் தவறாகப் படித்திருந்தால் இலவசம், அவர்கள் வரியை மாற்றினால் காசு.

பலரும் கோட்டைவிடுவது உரிமையில்தான். உள்பயிற்சிக்கு என்று சொல்லி ஒரு நிறுவனம் வாங்கிய என் குரலை, எட்டு மாதம் கழித்து அதன் விளம்பரத்தில் கேட்டேன். ஒப்பந்தம் என்று இருந்தது ஒரு வாட்ஸ்அப் செய்தி: “ஓகே, ஆரம்பிக்கலாம்.” அதை வைத்துக்கொண்டு என்ன கேட்பது? எங்கே ஒலிபரப்பு, எத்தனை மாதம் என்பதை இப்போது மின்னஞ்சலில் எழுதி வாங்காமல் மைக்கைத் தொடுவதில்லை. கூடவே, “இந்தப் பதிவைக் கொண்டு செயற்கைக் குரல் உருவாக்கக் கூடாது” என்றும் ஒரு வரி. கனடாவின் குரல் கலைஞர் பெவ் ஸ்டாண்டிங், டிக்டாக்கில் எழுத்தை வாசிக்கும் குரல் தன்னுடையது, அனுமதி கேட்கப்படவில்லை என்று 2021-ல் வழக்குத் தொடுத்தார். மொழிபெயர்ப்புக்காக முன்பு பதிவுசெய்து கொடுத்த குரல் அது என்றார். வழக்கு அதே ஆண்டில் சமரசத்தில் முடிந்தது. சும்மா அறிவிப்பு மட்டும் படிக்கும் சிறு வேலைகள் இயந்திரக் குரலுக்குப் போய்க்கொண்டிருப்பதையும் மறைக்க விரும்பவில்லை. எனக்கே குறைந்திருக்கிறது.

மோசடிக்கும் குறைவில்லை. ‘மாதிரிக்காக’ முழு ஸ்கிரிப்டையும் இலவசமாகப் படிக்கச் சொல்வார்கள். நான்கு வரிக்கு மேல் படிக்காதீர்கள். தவறுதலாகக் கூடுதல் பணம் அனுப்பிவிட்டோம், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

டெமோ, அதாவது வேலை கேட்டு அனுப்பும் மாதிரிப் பதிவு, ஒரு நிமிடத்துக்குள் இருக்கட்டும். உங்களுக்கு எது சிறப்பாக வருமோ அதை முதல் பத்து நொடியில் வையுங்கள். அதற்கு மேல் பலரும் கேட்பதில்லை.

மைக் வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள். இன்றிரவு நீங்கள் படிக்கப்போகும் அறையில் கைப்பேசியை வைத்து, எதுவும் பேசாமல் 30 நொடி பதிவுசெய்யுங்கள். ஹெட்ஃபோனில் ஒலியை ஏற்றிவைத்து, கேட்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். என் தாளில் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார், சுவர்க் கடிகாரம், என் வயிறு ஆகிய மூன்றும் இருந்தன.