எந்த எறும்பை வளர்க்கலாம்? வேலூர்ப் பகுதியினரின் கேள்விகளும் என் பதில்களும்

வீட்டில் எறும்புக் கூட்டம் வளர்க்க விரும்பும் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்ட நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எந்த இனத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதே பொருள் என்பதால், அதற்கு வெளியே செல்லும் கேள்விகளுக்குப் பதில் சுருக்கமாகவே இருக்கும்.

கேள்வி (காட்பாடி, கல்லூரி மாணவி): ஐயா, முதன்முறையாக வளர்க்கப் போகிறேன். எந்த இனத்தில் தொடங்குவது நல்லது?

பதில்: கட்டெறும்பில் தொடங்குங்கள் அம்மா. வேப்பமரத்தடியிலும் கருவேல மரத்தின் வேரடியிலும் நீங்கள் நாள்தோறும் காணும் பெரிய கறுப்பு எறும்புதான் அது. கேம்போனோட்டஸ் கம்ப்ரெஸ்ஸஸ் என்ற அந்த இனத்தைப் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் 1787-இல் விவரித்தார். இதைச் சொல்வதற்கு முதன்மையான காரணம், இதன் ராணி எவர் துணையும் இன்றித் தனியாகவே புதிய எறும்புக் குடியைத் தொடங்கக் கூடியது என்பதுதான். கலவிப் பறப்பு முடிந்து சிறகுகளை உதிர்த்த பின், தன் உடலில் சேர்த்து வைத்த கொழுப்பையும் இனிப் பயன்படப் போகாத பறப்புத் தசைகளையும் கரைத்து, அந்தச் சத்தைக் கொண்டே அது முதல் புழுக்களுக்கு ஊட்டுகிறது. ஆகவே முதல் வேலைக்கார எறும்புகள் வெளிவரும்வரை, அதாவது வெப்பத்தைப் பொறுத்து ஒன்று முதல் இரண்டு மாதம்வரை, நீங்கள் உணவு வைக்க வேண்டியதில்லை. இருட்டும் ஈரமும் அமைதியும் இருந்தால் போதும்.

உருவம் பெரியது என்பதால் முட்டையையும் புழுவையும் கூட்டுப்புழுவையும் வெறும் கண்ணாலேயே பிரித்தறியலாம். பஞ்சு அடைப்பின் இடுக்கு வழியாகத் தப்பிச் செல்வதும் குறைவு. கொட்டும் முள் இதற்கு இல்லை. கடிக்கும், கடித்த இடத்தில் ஃபார்மிக் அமிலம் எரியும், அவ்வளவே. முதலாண்டில் குடி மெதுவாகவே பெருகும். சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள், நான் இதையே பெரிய வசதியாகக் கருதுகிறேன், ஏனெனில் எறும்பு பெருகும் வேகத்துக்கு ஈடாக நீங்களும் கற்றுக்கொள்ள முடியும்.

ஆனால் ஒன்றை முன்கூட்டியே யோசியுங்கள். எறும்பின் ராணி நெடுநாள் வாழும். ஐரோப்பாவின் தோட்டக் கறுப்பெறும்பின் ராணி ஒன்று மனிதப் பராமரிப்பில் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்ததாகப் பதிவு உள்ளது. கட்டெறும்பின் ராணியும் நலமாக இருந்தால் உங்கள் படிப்பு முடிந்த பிறகும் உங்களோடு இருக்கும்.

கட்டெறும்பு கிடைக்காவிட்டால் அதே பேரினத்தைச் சேர்ந்த, வயிற்றுப் பகுதியில் பொன்னிற மயிர் பளபளக்கும் கேம்போனோட்டஸ் செரிசியஸ் நல்ல தேர்வு. உணவைக் கண்ட எறும்பு இன்னொன்றைத் தன் பின்னால் தொட்டபடியே வரச் செய்து வழிகாட்டுவதை இந்த இனத்தில் ஆராய்ந்து 1974-இல் எழுதினார்கள். அதை உங்கள் மேசை மீதே பார்க்கலாம்.

கேள்வி (வாணியம்பாடி): வெளிநாட்டு எறும்புகள் இணையத்தில் விற்பனைக்கு வருகின்றன. ஆப்பிரிக்காவின் பெரிய விதை எறும்பு மிக அழகாக உள்ளது. வாங்கலாமா?

பதில்: வாங்கவே கூடாது. 2025-இல் கென்யாவிலிருந்து நீங்கள் சொல்லும் அதே விதை எறும்பின் ராணிகளைக் குழாய்களில் அடைத்துக் கடத்த முயன்ற நால்வருக்கு, அவர்களில் இருவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த 19 வயது இளைஞர்கள், தலைக்குப் பத்து லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம் விதிக்கப்பட்டது. இந்தியாவுக்குள் உயிருள்ள பூச்சிகளைக் கொண்டுவருவதற்கும் 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையின்படி அனுமதி வேண்டும்.

சட்டத்தை விட்டுவிட்டாலும், ஓர் எறும்பு கட்டுமீறிப் பெருகினால் என்ன ஆகும் என்பதை நாம் கண்ணெதிரே கண்டிருக்கிறோம். 2022-இல் திண்டுக்கல் மாவட்டத்துக் கரந்தமலை அடிவாரச் சிற்றூர்களில் மஞ்சள் எறும்பு பெருகிக் கால்நடைகளையும் பயிர் செய்வோரையும் அல்லற்படுத்திய செய்தியை நீங்கள் படித்திருப்பீர்கள். அதே இனம் அயல் எறும்பாக நுழைந்த கிறிஸ்துமஸ் தீவில் கோடிக்கணக்கான செந்நண்டுகளை அழித்தது. உங்கள் ஊர் மண்ணில் ஏற்கெனவே வாழும் எறும்பு தப்பினால், அது தன் வீட்டுக்குத்தான் போகிறது.

கேள்வி (இராணிப்பேட்டை): ராணி எறும்பு எங்கே கிடைக்கும்? புற்றைத் தோண்டி எடுக்கலாமா?

பதில்: தோண்டாதீர்கள். வளர்ந்த புற்றில் ராணி மிக ஆழத்தில் இருக்கும். தோண்டுபவர் பெரும்பாலும் ராணியை நசுக்குகிறார், அல்லது அடையாமலே புற்றை அழிக்கிறார். கோடை மழை பெய்து ஓய்ந்த புழுக்கமான மாலைகளிலும், ஆடி ஆவணியில் இடியோடு மழை வரும் நாட்களிலும் தெருவிளக்கின் கீழே பாருங்கள். சிறகை உதிர்த்துவிட்டுத் தரையில் வேகமாக ஓடித் துளை தேடும், மார்புப் பகுதி தடித்த பெரிய எறும்புதான் நீங்கள் தேடும் ராணி. காப்புக்காடுகளில், அமிர்தியானாலும் ஜவ்வாது மலையானாலும், எதையும் எடுக்காதீர்கள். தெருவில் கிடைப்பதே போதுமானது.

கேள்வி (ஆம்பூர்): மழைக்குப் பின் எங்கள் வீட்டு விளக்கைச் சுற்றும் ஈசல்களில் ராணி இருக்குமா?

பதில்: ஈசல் கறையானுடையது, எறும்புக்கு உறவே இல்லை. எறும்புக்கு இடை ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கை போல் வளைந்திருக்கும், முன் சிறகு பின் சிறகைவிட நீளமாக இருக்கும். ஈசலின் நான்கு சிறகுகளும் ஒரே அளவு.

கேள்வி (ஆரணி, பள்ளி ஆசிரியர்): பள்ளி மைதானத்தின் ஓரத்தில், நுழைவாயிலைச் சுற்றிப் பறவைச் சிறகுகளும் குச்சிகளும் பதித்த ஒரு புற்று உள்ளது. எறும்புகள் கறுத்து, உடல் வரிவரியாக இருக்கின்றன. பலமுறை கவனித்தும் ராணியைக் காணவில்லை. இதை மாணவர்களுக்காக வளர்க்கலாமா?

பதில்: மிக நல்ல கேள்வி. நீங்கள் பார்ப்பது டயாகம்மா என்ற பேரினம். இதில் ராணி என்றே ஒரு வகை இல்லை, எனவே எத்தனை ஆண்டு தேடினாலும் கிடைக்காது. கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு வேலைக்கார எறும்பின் மார்பிலும் சிறகின் எச்சம் போன்ற இரண்டு சிறு மொட்டுகள் இருக்கும். குடியில் மேலாண்மை பெற்ற எறும்பு மற்ற எல்லா எறும்புகளின் மொட்டுகளையும் கடித்து நீக்கிவிடுகிறது. மொட்டை இழந்தவை இணைசேர்வதில்லை, வாழ்நாள் முழுவதும் உழைக்கின்றன. மொட்டைத் தக்கவைத்த ஒன்றே இணைசேர்ந்து முட்டையிடுகிறது.

நுழைவாயிலில் உள்ள சிறகுகளும் அழகுக்காக அல்ல. வறண்ட காலத்தில் அதிகாலைப் பனித்துளி அச்சிறகுகளில் தங்க, எறும்புகள் அதைத் தாடைகளில் ஏந்திப் புற்றுக்குள் கொண்டு செல்கின்றன. இந்திய டயாகம்மாவைக் கவனித்து எழுதப்பட்ட இந்தச் செய்தி 1985-இல் வெளியானது. வறட்சியில் உதவும் இந்த வழக்கத்தை அது இருக்கும் இடத்திலேயே மாணவர்கள் பார்ப்பதுதான் சிறந்த பாடம். மார்கழி, தை மாதங்களில் சூரியன் எழுவதற்கு முன் அழைத்துச் செல்லுங்கள். இவை கொட்டும் என்பதால் கை வைக்க விடாதீர்கள்.

கேள்வி (சத்துவாச்சாரி): மாடி வீடு; சித்திரை வைகாசியில் அறை கொதிக்கும். ராணியை எப்படிக் காப்பது?

பதில்: வேலூரில் இனத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு இணையான கேள்வி இது. வெளியே 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் மேல்மாடியில் வைத்த குழாய் அடுப்பின் மேல் வைத்ததற்குச் சமம். ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் 15 சென்டிமீட்டர் நீளக் கண்ணாடிச் சோதனைக் குழாய் வாங்கி, மூன்றில் ஒரு பங்கு நீர் ஊற்றி, நீர் கசியாதவாறு பஞ்சால் அடைத்து, ராணியை விட்டபின் வாயை மீண்டும் பஞ்சால் மூடுங்கள். பிறகு பெரிய மண்சட்டிக்குள் சிறிய மண்சட்டியை வைத்து, இடைவெளியில் ஈர மணலை நிரப்பி, உள்சட்டியில் குழாயைக் கிடத்தித் துணியால் மூடிக் கீழ்த்தளத்தின் நிழலான மூலையில் வையுங்கள். 26 முதல் 30 டிகிரிவரை கட்டெறும்புக்கு உகந்தது. 35-ஐத் தாண்ட விடாதீர்கள். அதே அறையில் கொசுவிரட்டித் திரவக் கருவியையோ எறும்புச் சாக்பீஸையோ பயன்படுத்தாதீர்கள், இரண்டிலும் உள்ள பைரித்ராய்டு நஞ்சு எறும்பைக் கொல்லும்.

கேள்வி (திருப்பத்தூர்): நான்கைந்து வேலைக்கார எறும்புகளைப் பிடித்துக் குழாயில் வைத்தால் அவற்றில் ஒன்று ராணியாகுமா?

பதில்: கட்டெறும்பில் ஆகாது. ராணி இல்லாத எறும்புகள் சில மாதங்களில் ஒவ்வொன்றாக மடியும்.

கேள்வி (வாலாஜா): புற்றைத் தோண்டாமல் ராணி கிடைக்காது என்கிறார் நண்பர்.

பதில்: இராணிப்பேட்டை நண்பருக்குச் சொன்னதையே படியுங்கள். தோண்டாதீர்கள்.

கேள்வி (குடியாத்தம், மாந்தோப்பு உரிமையாளர்): எங்கள் மாமரங்களில் முசுறு நிறைய உள்ளது. ஒரு கூட்டைக் கிளையோடு வெட்டிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் போதுமே. தோண்டவும் வேண்டியதில்லை.

பதில்: இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பை வீட்டில் வைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஒரு முசுறுக் குடி பல மரங்களில் பல பத்து இலைக்கூடுகளாகப் பரவியிருக்கும்; ராணி அவற்றில் ஏதோ ஒன்றில்தான் இருக்கும். நீங்கள் வெட்டும் கூட்டில் அது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

அவரே மீண்டும்: ஐயா சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு கூட்டைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அவை வாடாமல் இருப்பதோடு, நான் போட்ட புதிய மாவிலைகளையும் ஒன்றோடொன்று ஒட்டித் தைத்துவிட்டன. ராணி இல்லாமல் இது எப்படி நடக்கும்?

பதில்: அவை தைத்ததை நான் ஐயமின்றி ஏற்கிறேன். ஆனால் அந்த நூல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். வளர்ந்த முசுறு எறும்பால் நூல் சுரக்க முடியாது. புழுவால் மட்டுமே முடியும். வேலைக்கார எறும்புகள் சங்கிலியாகக் கோத்து இலை விளிம்புகளை இழுத்துப் பிடிக்க, வேறு சில எறும்புகள் புழுக்களை வாயில் கவ்வி வந்து விளிம்பிலிருந்து விளிம்புக்குத் தொட்டுத் தொட்டு நகர்த்தித் தைக்கின்றன. நீங்கள் வெட்டிய கூட்டில் புழுக்கள் இருந்தன, ஆகவே தைத்தன. அப்புழுக்கள் வளர்ந்து முடிந்த பின் ராணி இல்லாவிட்டால் புதிய வேலைக்காரப் புழு வராது. வேலைக்கார எறும்புகள் இடும் கருவுறாத முட்டைகளிலிருந்து ஆண் எறும்புகளே பிறக்கும். இரண்டு மாதம் கழித்துப் புதிய இலை போட்டுப் பாருங்கள். தைப்பது நின்றுவிட்டால், மீதமுள்ளவற்றை வெட்டிய அதே மரத்தில் விட்டுவிடுங்கள். அடுத்த மரத்தில் இருப்பது வேற்றுக் குடியானால் அவற்றைக் கொன்றுவிடும்.

கேள்வி (ஆற்காடு, விவசாயி): குடியாத்தத்து அண்ணனுக்கு நான் ஒன்று சொல்கிறேன். முசுறு மாவுப்பூச்சியை வளர்க்கிறது, காய் பறிப்பவரைக் கடிக்கிறது. அதைத் தோப்பிலிருந்து எடுப்பதே நல்லது. பெட்டியில் வைத்தால் என்ன, கொளுத்தினால் என்ன?

பதில்: கொளுத்தாதீர்கள். இனிப்புக் கழிவுக்காகச் செதில் பூச்சிகளையும் மாவுப்பூச்சிகளையும் முசுறு காப்பது உண்மை, பறிப்பவரைக் கடிப்பதும் உண்மை. அதே முசுறு இலையையும் காயையும் தின்னும் பல பூச்சிகளை வேட்டையாடுகிறது என்பதும் உண்மை. சீனத்து ஆரஞ்சுத் தோட்டங்களில் பூச்சியைக் கட்டுப்படுத்த இதன் கூடுகளை விலைக்கு வாங்கிக் கட்டிய வழக்கம் கி.பி. 304 அளவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. வடக்கு ஆஸ்திரேலிய மாந்தோப்புகளிலும் இதைப் பயன்படுத்தி ஆராய்ந்திருக்கிறார்கள். உங்கள் தோப்பில் இலாபமா நட்டமா என்பதை மாவுப்பூச்சியின் அளவைப் பார்த்தே சொல்ல முடியும். அதற்கு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகுங்கள்.

முசுறை வளர்க்க ஆசை இருப்பவருக்கு என் பரிந்துரை ஒன்றே: அது தானாக வாழும் மரத்தடியில் ஒரு நாற்காலி போட்டு அமருங்கள். உயிருள்ள இலையும் நீங்காத ஈரப்பதமும் கேட்கும் எறும்பை நம் அக்கினி நட்சத்திரத்தில் கண்ணாடிக்குள் அடைப்பது அதற்குச் செய்யும் கொடுமை. முசுறு பற்றிய கேள்விகளை இதோடு முடித்துக்கொள்கிறேன்.

கேள்வி (பேரணாம்பட்டு): குதிக்கும் எறும்பைக் காணொளியில் பார்த்தேன். அதை வளர்க்கலாமா?

பதில்: ஹார்பெக்னதோஸ் சால்டேட்டர் என்ற அந்தக் குதிக்கும் எறும்பு வியப்புக்குரிய இனம்தான். ராணி இறந்தால் வேலைக்கார எறும்புகள் உணர்கொம்புகளால் வாரக்கணக்கில் மோதிக்கொண்டு, வென்றவை முட்டையிடத் தொடங்குகின்றன. அப்போது அவற்றின் மூளை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்குகிறது, பழைய நிலைக்குத் திரும்பினால் மீண்டும் வளர்கிறது என்று 2021-இல் கண்டறிந்தார்கள். ஆனால் அதற்கு உயிருள்ள இரை இடைவிடாமல் வேண்டும், கடுமையாகக் கொட்டும். முதன்முறை வளர்ப்பவருக்கு ஏற்றதல்ல.

கேள்வி (வேலூர், தொரப்பாடி): பிள்ளையார் எறும்பு கடிப்பதில்லை. குழந்தைகளுக்கு அதுதானே நல்லது?

பதில்: கடிக்காது என்பது சரி. ஆனால் அது மிகச் சிறியது, ஒரு குடியில் பல ராணிகள் இருக்கும், சிறு இடுக்கிலும் நுழைந்து ஒரே இரவில் குடிபெயரும். குழந்தைகளுக்கும் கட்டெறும்பே நல்லது.

கேள்வி (அரக்கோணம்): கொட்டும் சிவப்பு எறும்பு?

பதில்: வேண்டாம்.

கேள்வி (சோளிங்கர்): ராணியை வாங்க எவரிடமாவது தொடர்பு கிடைக்குமா?

பதில்: விற்பவர் பெரும்பாலும் புற்றைத் தோண்டியவர். மழைக்குக் காத்திருங்கள்.

கேள்வி (காட்பாடி, முதல் கேள்வி கேட்ட மாணவி): முதல் எட்டு எறும்புகள் வந்துவிட்டால் என்ன உணவு? விடுமுறையில் ஒரு வாரம் ஊருக்குப் போகலாமா?

பதில்: போகலாம் அம்மா. நாட்டுச் சர்க்கரை கரைத்த நீரில் ஒரு துளியும், வெந்நீரில் முக்கி எடுத்த சிறு பாச்சையின் ஒரு காலும் வாரம் இருமுறை போதும். மீந்ததை மறுநாளே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும். வீட்டுக் கரப்பான் மருந்து தின்றதாக இருக்கக்கூடும், அதைக் கொடுக்காதீர்கள். புறப்படும் நாளில் சர்க்கரை நீரில் நனைத்த சிறு பஞ்சை வைத்து, குழாயில் நீர் மிச்சம் இருப்பதையும் சட்டி மணலின் ஈரத்தையும் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். வைகாசியானால் மணலுக்கு நீர் ஊற்ற அண்டை வீட்டாரிடம் சொல்லி வையுங்கள்.