எண்ணெய்க் காகிதமும் ஏழாம் வகுப்பும்

(அறிவியல் கேள்வி பதில். பதில் சொல்பவர், ஓய்வுபெற்ற நடுநிலைப் பள்ளி ஆசிரியர்)

கேள்வி: ஐயா, நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஒளி ஊடுருவும் பொருள், பகுதி ஊடுருவும் பொருள், ஊடுருவாப் பொருள் மூன்றையும் பிள்ளைகள் பிழையில்லாமல் ஒப்பிக்கிறார்கள். ஆனால் "கறுப்புத் துணி மேல் விழுந்த வெளிச்சம் என்ன ஆச்சு?" என்று கேட்டால் வகுப்பே முழிக்கிறது. ஆய்வகம் என்று பெரிதாக எதுவும் இல்லை. எங்கிருந்து தொடங்கலாம்?
– ஓர் ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

பதில்: நீங்கள் கேட்ட அந்தக் கேள்வியிலிருந்துதான் அம்மா. வரையறையை முதலில் கொடுத்தால், பிள்ளைகள் பொருள்களை மூன்று டப்பாவில் போட்டு மூடிவிடுகிறார்கள். கண்ணாடி என்றால் வெளிச்சத்தை விடும், அவ்வளவுதான் என்று நினைப்பார்கள். ராத்திரி பஸ்ஸில் சன்னல் கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது நினைவுக்கே வராது. சாதாரணக் கண்ணாடியில் நேராக விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு 8 பங்கு போலத் திரும்பி வந்துவிடுகிறது. எந்தப் பொருளிலும் கொஞ்சம் திரும்பும், கொஞ்சம் உள்ளேயே தங்கும், கொஞ்சம் கடந்து போகலாம். அளவுதான் வேறு.

நான் முதல் நாள் கொண்டுபோவது வடை மடித்த காகிதம் மாதிரி ஒன்று: வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு நல்லெண்ணெய். சன்னலுக்கு நேரே பிடித்தால் எண்ணெய்ப் பொட்டு பளிச்சென்று தெரியும். அதே தாளைக் கறுப்பு மேசையில் வைத்தால் அதே பொட்டு இருட்டாகிவிடும். ஒரு வருடம் ஒரு பையன் தாளைத் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, அந்தப் பக்கம் போயிட்டா இந்தப் பக்கம் வராதுல்ல!" என்றான். பாடம் முழுக்க அந்த ஒரு வரிதான். அதைக் கரும்பலகையில் எழுதிவைத்தேன்.

காரணத்தையும் ஏழாம் வகுப்புக்குச் சொல்லலாம். தாளில் மெல்லிய நார்கள், நடுநடுவே காற்று. நாரிலிருந்து காற்று, காற்றிலிருந்து நார் என்று மாறும் ஒவ்வோர் இடத்திலும் வெளிச்சம் வளைந்து சிதறுகிறது. பெரும்பகுதி நம் பக்கமே திரும்பிவிடுவதால்தான் தாள் வெள்ளை. எண்ணெய் அந்தக் காற்று இடைவெளிகளை நிரப்பிவிடுகிறது. எண்ணெயிலும் நாரிலும் வெளிச்சம் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போவதால் வளைவு குறைந்து, கடந்து போய்விடுகிறது. நனைந்த சட்டை கறுத்துத் தெரிவதும் இதனால்தான். கண்ணாடியைத் தூளாக்கினால் வெள்ளை மாவாகத் தெரிவது இதற்குத் தலைகீழ். அதைக் கதையாகச் சொன்னால் போதும், வகுப்பில் கண்ணாடி உடைக்க வேண்டாம்.

அடுத்து, முகம் பார்க்கும் கண்ணாடி மட்டும்தான் எதிரொளிக்கும் என்ற நம்பிக்கையை உடைக்க வேண்டும். எனக்கு அதிக நாள் பிடித்தது இதற்குத்தான். அறையை இருட்டாக்கி, ஒரு பிள்ளையின் கன்னத்துக்குப் பக்கத்தில் வெள்ளை சார்ட் பிடித்து, செல்போன் டார்ச்சைச் சார்ட்டின் மேல் அடியுங்கள். முகத்தின் மேல் அடிக்கக் கூடாது. கன்னம் வெளுக்கும். சிவப்பு சார்ட் வைத்தால் கன்னம் சிவக்கும். கறுப்பு வைத்தால் முகம் காணாமல் போகும்.

அப்போது கேளுங்கள், வெளிச்சம் எங்கே போச்சு என்று. ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒன்றுக்குக் கறுப்புத் தாள், இன்னொன்றுக்கு வெள்ளைத் தாள் சுற்றி, ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். கறுப்புத் தாள் சுற்றியதில் விரலை விட்டுப் பார்த்து அவர்களே சொல்வார்கள், "சூடாயிடுச்சு". 'உட்கவர்தல்' (வெளிச்சத்தை உள்ளே பிடித்துக்கொள்வது) என்ற சொல்லை அதன் பிறகு எழுதுங்கள்.

கேள்வி: சிவப்பு செலோபேன் தாள் வெளிச்சத்துக்குச் சிவப்புச் சாயம் பூசுகிறது என்கிறாள் என் மகள். சரியா?
– ஒரு தாய், சேலம்

பதில்: நிறையப் பிள்ளைகள் இப்படித்தான் நினைக்கிறார்கள். தாள் எதையும் சேர்ப்பதில்லை. வெள்ளை வெளிச்சத்தில் ஏற்கெனவே இருக்கிற சிவப்பை விட்டு, மற்றவற்றைப் பிடித்துக்கொள்கிறது. தாளை மூன்றாக மடித்து (ஒற்றைத் தாளில் மற்ற நிறமும் கசியும்) அதன் வழியே கருவேப்பிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். சாயம் பூசுவது உண்மையானால் இலை சிவப்பாக வேண்டும். அவள் பார்க்கப்போவது கறுத்த இலை.

கேள்வி: வானம் பிரதிபலிப்பதால்தான் கடல் நீலமா?
– எட்டாம் வகுப்பு மாணவன், நாகப்பட்டினம்

பதில்: அப்படித்தான் பெரிய விஞ்ஞானி ராலேயும் சொன்னார், தம்பி. 1921-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிய சி.வி. ராமனுக்கு அது போதவில்லை. கடல் பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை நிக்கோல் பட்டகம் என்ற சின்னக் கருவியால் விலக்கிவிட்டுப் பார்த்தார். நீலம் அப்படியே இருந்தது. நீர் மூலக்கூறுகளே வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன என்று காட்டினார். நீர் சிவப்பை மெல்ல மெல்ல உட்கவர்ந்துவிடுவதும் கடல் நீலத்துக்குப் பெரிய காரணம். அந்தப் பயணத்தில் தொடங்கிய தேடல்தான் 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவில் (சிதறும் வெளிச்சத்தில் சிறு பகுதி நிறம் மாறுகிறது என்ற கண்டுபிடிப்பில்) போய் நின்றது. நீ ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நாலு சொட்டுப் பால் விட்டு, இருட்டில் டார்ச் அடித்துப் பார். பக்கவாட்டில் லேசான நீலம், எதிர்ப்பக்கம் மாலைச் சூரியனின் நிறம். நிறம் தெரியாவிட்டால் இன்னும் ஒரு சொட்டுப் பால் விடு.