ஏவுதளம் வந்தால் ஊராட்சிக்கு என்ன அதிகாரம்? கொங்கு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் பிறகு, "நம் பக்கத்துக்கும் ஒன்று வராதா?" என்ற பேச்சு கோவை, ஈரோடு வட்டாரத்தில் எழுந்திருக்கிறது. உள்ளாட்சிச் சட்டங்களோடு பழக்கம் உள்ளவன் என்பதால் என்னிடம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

தாராபுரம், கல்லூரி மாணவி: ஐயா, ஒரு நகராட்சியோ ஊராட்சி ஒன்றியமோ தானே ஓர் ஏவுதளம் அமைக்க முடியுமா?

முடியாது, அம்மணி. அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் விண்வெளிக்கென்று தனிப் பதிவு இல்லை. எந்தப் பட்டியலிலும் இல்லாத பொருள் 248ஆவது பிரிவின்படி நாடாளுமன்றத்துக்குச் சேரும். ஊராட்சிகளுக்குப் பதினோராவது அட்டவணை 29 பொருள்களையும், நகராட்சிகளுக்குப் பன்னிரண்டாவது அட்டவணை 18 பொருள்களையும் காட்டுகிறது. குடிநீரும் சாலையும் அவற்றில் உண்டு, ராக்கெட் இல்லை. அந்தப் பொருள்களையும் மாநிலம் சட்டம் இயற்றிக் கொடுத்தால்தான் உண்டு. 2023ஆம் ஆண்டு விண்வெளிக் கொள்கை தனியாரும் ஏவுதளம் அமைக்க வழி திறந்திருக்கிறது. அதற்கும் இன்ஸ்பேஸ் என்ற மத்திய அமைப்பின் அனுமதி வேண்டும். நிலம் மட்டும் மாநிலத்தின் கையில் இருக்கிறது.

பல்லடம், விசைத்தறி உரிமையாளர்: அமெரிக்காவில் ஊர் நிர்வாகங்களே ஏவுதளம் நடத்துகின்றன என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். டெக்சாஸ் சட்டப்படி ஒரு நகரமோ கவுண்டியோ (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) ஏவுதள வளர்ச்சிக் கழகம் தொடங்கலாம்; கேமரன் கவுண்டியில் அப்படி ஒன்று இருக்கிறது. ஹூஸ்டன் மாநகராட்சிக்குச் சொந்தமான எலிங்டன் விமான நிலையம் 2015இல் ஏவுதள உரிமம் பெற்றது. நியூ மெக்சிகோவில் ஏவுதளத்துக்காக விற்பனை வரியை உயர்த்தலாமா என்று மக்களிடமே வாக்குக் கேட்டார்கள். டோன்யா ஆனா கவுண்டி 2007இலும் சியரா கவுண்டி 2008இலும் சம்மதித்தன, ஒடேரோ மறுத்துவிட்டது. ஜப்பானில் டைகி என்ற சிற்றூர் நிர்வாகமே ஏவுதள நிறுவனத்தில் பங்குதாரர். அந்த ஊரிலிருந்து 2019 மே மாதம் கிளம்பிய மோமோ-3 ராக்கெட் 100 கி.மீ. உயரத்தைத் தாண்டியது.

ஆனால் ராக்கெட் ஏவும் உரிமத்தை அமெரிக்காவிலும் மத்திய அரசுதான் தருகிறது. ஊர் நிர்வாகத்திடம் இருப்பது நிலம், வரி, கடன் வாங்கும் உரிமை. அந்த உரிமையோடு இழப்பும் சேர்ந்தே வரும். டெக்சாஸின் மிட்லண்ட் நகரம் எக்ஸ்கோர் என்ற ராக்கெட் நிறுவனத்தை ஊக்கத்தொகை கொடுத்து அழைத்து வந்தது. விமான நிலையத்துக்கு 2014இல் ஏவுதள உரிமமும் வாங்கியது. 2017இல் அந்த நிறுவனம் திவாலாகிவிட்டது.

அன்னூர், விவசாயி: மக்கள் வேண்டாம் என்று சொன்னால் நிறுத்த முடியுமா?

இந்தக் கேள்வியைத்தான் நான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன், அண்ணா. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக் கேம்டன் கவுண்டியின் கதை இதற்கு நேரான பதில். அந்தக் கவுண்டி நிர்வாகம் ஒரு பழைய ஆலை நிலத்தில் ஏவுதளம் அமைக்கப் பல ஆண்டுகள் முயன்று, 1 கோடி டாலருக்கு மேல் பொதுப் பணத்தைச் செலவழித்தது. ராக்கெட் பறக்க வேண்டிய பாதையில் வீடுகள் உள்ள தீவு ஒன்று கிடந்தது. அதையும் மீறி 2021 டிசம்பரில் மத்திய உரிமம் கிடைத்துவிட்டது. ஊர்க்காரர்கள் கையெழுத்து திரட்டினார்கள், நீதிபதி வாக்கெடுப்புக்கு உத்தரவிட்டார். 2022 மார்ச்சில் வாக்களித்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேலானோர் நிலம் வாங்குவதை எதிர்த்தார்கள். நிர்வாகம் வழக்காடியது, 2023 பிப்ரவரியில் ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

நமக்கு அந்தக் கதவு இல்லை. உள்ளூர் வாக்கெடுப்புக்குத் தமிழ்நாட்டில் சட்டமே கிடையாது. 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம், மக்களுக்கு வரும் பாதிப்பை ஆராயும் சமூகத் தாக்க மதிப்பீட்டில் ஊராட்சியைக் கலந்தாலோசிக்கச் சொல்கிறது. ஆனால் தொழில் நோக்கத்துக்காக நிலம் எடுக்கும் 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், 2013 சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்துக்கொண்ட 105-அ பிரிவின் துணையோடு அந்தக் கடமையிலிருந்து விலகி நிற்கிறது. இழப்பீடு மட்டும் 2013 சட்டப்படி கிடைக்கும். இது மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நிலத்தை இழக்கும் ஊருக்குக் கருத்துச் சொல்லும் உரிமைகூட இல்லாத வளர்ச்சியை ஏற்க முடியாது. கெயில் எரிவாயுக் குழாய்க்கு எதிராக நம் ஏழு மாவட்ட விவசாயிகள் தெருவுக்கு வந்ததற்குக் காரணம், அவர்களிடம் முன்கூட்டியே யாரும் முறையாகக் கேட்காததுதான்.

காங்கேயம், ஊராட்சிச் செயலர்: ஏவுதளம் வந்தால் ஊராட்சிக்குச் சொத்து வரியாவது கிடைக்குமா?

இஸ்ரோவுக்குச் சொந்தமான சொத்து என்றால் கிடைக்காது. மத்திய அரசின் சொத்துக்கு வரி விலக்கு அளிக்கிறது அரசமைப்பின் 285ஆவது பிரிவு. கொடுக்கும் சேவைகளுக்குக் கட்டணம் கேட்கலாம், அவ்வளவுதான். தனியார் நிறுவனத்துக்குச் சொந்தமான கட்டடம் என்றால் வரி உண்டு. ஆகவே நிலமும் கட்டடமும் யார் பெயரில் பதிவாகின்றன என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள்.

நாமக்கல், பள்ளி ஆசிரியர்: கொங்கு நாட்டில் ஏவுதளம் அமைவது நடக்கிற காரியமா?

இல்லை. ராக்கெட்டின் எரிந்து முடிந்த அடுக்குகள் கடலில் விழ வேண்டும். இங்கிருந்து கிழக்கே ஏவினால் திருச்சியும் தஞ்சையும் பாதையில் வரும். குலசேகரப்பட்டினத்தைத் தேர்ந்தெடுத்ததே, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைந்து எரிபொருளை வீணாக்க வேண்டியிருப்பதால்தான். அதற்காக நம் பங்கு குறைந்துவிடவில்லை. சந்திரயான் தரையிறங்கும் சோதனைகளுக்கு நிலவு மண் போன்ற மண் உங்கள் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையிலிருந்து தயாரானது. சேலம் உருக்காலையின் எஃகு சந்திரயான்-2 திட்டத்துக்குப் போனது.

சூலூர் ஒன்றியம், கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர்: எங்கள் ஊரில் ராக்கெட் பாகம் செய்யும் ஆலை வரப்போவதாகப் பேச்சு. நாங்கள் எதைக் கேட்க வேண்டும்?

முதலில் தண்ணீர்: எவ்வளவு எடுப்பார்கள், எங்கிருந்து, கழிவு எங்கே போகும்? நொய்யலைச் சாயக்கழிவுக்குப் பலி கொடுத்த நாம் இதை இரண்டாவதாக வைக்க முடியாது. ஆலையில் திட எரிபொருளோ வெடிபொருளோ வைப்பார்களா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். வெடிபொருள் கிடங்குக்கு மாவட்ட நிர்வாகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். ஆட்சியரிடம் உங்கள் கவலையைச் சொல்ல அதுதான் சரியான நேரம். ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அடுத்த கூட்டத்திலேயே இந்தக் கேள்விகளைத் தீர்மானமாக நிறைவேற்றி, நகலை ஆட்சியருக்கும் தொழில் துறைக்கும் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.