‘நான்’ என்பதை இழக்கத்தான் வேண்டுமா?

ஆன்மீக விழிப்புக்குப் பெயர், தொழில், உறவு எல்லாவற்றையும் உதற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். சைவ சித்தாந்தத்தில் ஆணவம், அதாவது ‘நான்’ என்னும் மலம், செம்பில் படிந்த களிம்பு (பச்சைத் துரு) போன்றது. அதன் வலிமை அடங்கும். செம்பாகிய உயிர் அழிவதில்லை.

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேரடியில் செல்லப்பா சுவாமிகள் தம் சீடர் யோகரை “யாரடா நீ?” என்று அதட்டினார். பின்னாளில் யாழ்ப்பாணத்துச் சித்தராகப் போற்றப்பட்ட யோகர் சுவாமிகளின் (1872–1964) வாழ்வைப் புரட்டிப்போட்ட கேள்வி அது. பெயரைச் சொல்லித் தப்ப முடியாத கேள்வி.

நல்லூர்த் திருவிழாவில் நானும் அங்கப் பிரதட்சணம் செய்திருக்கிறேன். ஈர வேட்டி, முதுகெல்லாம் மணல், பக்கத்தில் உருள்பவர் யாரென்றே தெரியாது. அந்த வீதியில் ‘நான் ஆசிரியர்’ என்ற நினைப்பு உண்மையாகவே கழன்றது. மறுநாள் வகுப்பில் ஒரு மாணவன் எதிர்த்துப் பேசியதும் திரும்பி வந்துவிட்டது. வந்ததைக் கண்டுகொண்டேனே, உங்கள் பயிற்சியையும் அந்தக் கவனிப்பிலிருந்தே தொடங்குங்கள்.