கேளுங்க அக்கா: லயத்துலயே செய்யக்கூடியது எவ்வளவோ இருக்கு

இந்த மாசம் வாதம், ஊனம், நடக்க ஏலாத பிள்ளைங்க பத்தியே நெறைய கடிதம் வந்திருக்கு, அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்கு தள்ளிட்டேன், கோவிச்சிக்காதீங்க.

கேள்வி: அக்கா, எங்க அம்மாவுக்கு 58 வயசு. கொழுந்து எடுத்துட்டு இருக்கும்போதே ஸ்ட்ரோக் வந்து வலது கை கால் விழுந்துருச்சி. ஹொஸ்பிட்டல்ல டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, வாராவாரம் பிசியோவுக்கு, அதான் கை கால் பயிற்சிக்கு, வரணுமாம், த்ரீவீலுக்கு குடுத்தே முடியல. ஒரு மிஸ் 'சிபிஆர்' னு ஒண்ணு சொன்னாங்க, அது என்ன? (மகன், பொகவந்தலாவை)

பதில்: தம்பி, சிபிஆர்னா சமூகம் சார்ந்த புனர்வாழ்வு. பெரிய ஹொஸ்பிட்டலுக்கு போனாத்தான் பயிற்சின்னு இல்லாம, வீட்டு ஆள், பக்கத்து வீட்டு ஆள், ஊர்ல உள்ள தொண்டர், இவங்களுக்கே கத்துக்குடுத்து வீட்டுலயே செய்ய வைக்கிற முறை. ஆரம்ப சுகாதார சேவை பத்தி 1978ல நடந்த அல்மா அத்தா மாநாட்டுக்கு பிறகு உலக சுகாதார ஸ்தாபனம் இதை கையில எடுத்துச்சி. 1989ல அவங்க போட்ட பயிற்சி கைநூலை எழுதினவங்கள்ல ஒருத்தர் நம்ம நாட்டு பிசியோதெரபிஸ்ட் பத்மனி மெண்டிஸ், இது நம்மள்ல எத்தனை பேருக்கு தெரியும்! இலங்கையில சமூக சேவைகள் அமைச்சு 1994லயே தேசிய திட்டமா ஆரம்பிச்சாச்சு. தோட்டத்துக்கு மட்டும் எதுவுமே லேட்டாத்தானே வரும்.

சரி, அம்மா விஷயம். அடுத்த தடவை கிளினிக் போகும்போது பிசியோகிட்ட "வீட்டுல என்ன செய்யணும்னு எனக்கு காட்டுங்க மிஸ்"னு கேட்டு, அவங்க சம்மதத்தோட போன்ல வீடியோ எடுத்துக்கோங்க. பெறகு வாராவாரம் வரணுமா, இடைவெளி விட்டு வரலாமான்னு அவங்ககிட்டயே கேளுங்க, நீங்களா நிப்பாட்டிடாதீங்க. அம்மாவை தூக்கும்போது விழுந்த கையை புடிச்சி இழுக்கவே கூடாது, கக்கத்துல கைவிட்டும் தூக்கக்கூடாது, தோள்மூட்டு எறங்கிரும், அந்த வலி வந்துட்டா அம்மா பயிற்சிக்கே ஒத்துழைக்க மாட்டாங்க. உக்காந்திருக்கும்போது அந்த கைக்கு கீழ ஒரு தலகாணி. படுத்தே இருக்காங்கன்னா ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திருப்பி படுக்க வைங்க, ராத்திரியிலயும்தான், இல்லாட்டி முதுகுல புண் வரும். நடக்க ஆரம்பிச்சா ஊன்றுகோல் நல்ல கையில, அம்மாவுக்கு இடது கையில. நம்ம ஊர்ல படி இல்லாம எங்கயும் போக ஏலாதே, அதனால இதை நல்லா ஞாபகம் வைங்க: ஏறும்போது நல்ல கால் முதல்ல, எறங்கும்போது ஏலாத கால் முதல்ல. மாத்தி வச்சா விழுந்துருவாங்க. இஸ்தோப்புல (முன் திண்ணையில) இருந்து கக்கூஸ் வரைக்கும் ரெண்டு பக்கமும் மூங்கில் நட்டு இடுப்பு உயரத்துக்கு கைப்பிடி கட்டுங்க, லயத்து பொடியங்க நாலு பேர் சேந்தா ஒரு ஞாயித்துக்கிழமை வேலை. பிரஷர் மாத்திரையை மட்டும் நிப்பாட்டிடாதீங்க, நல்லாயிருச்சேன்னு நிப்பாட்டி ரெண்டாவது தடவை விழுந்தவங்க நெறைய.

கேள்வி: மகளுக்கு 6 வயசு, மூளை வாதம், பேச்சு கொஞ்சம் திக்கும், ஆனா எல்லாம் வெளங்கும். ஸ்கூல்ல "இந்த மாதிரி பிள்ளைய பாக்க எங்களுக்கு ஆள் இல்ல"ன்னுட்டாங்க. மாமியார் முன்ஜென்ம பாவம்னு சொல்றாங்க. (ஒரு தாய், லிந்துலை)

பதில்: மாமியாருக்கு முதல்ல: மூளை வாதங்கிறது வயித்துலயோ பிரசவத்துலயோ பிறந்த கொஞ்ச காலத்துலயோ மூளையில ஏற்படுற பாதிப்பு, பாவ புண்ணியக் கணக்கு இல்ல. இதுக்கு மேல அவங்களோட வாதாட வேணாம் தங்கச்சி, பிள்ளை எழுதின ஒரு எழுத்தை காட்டினா தானா மாறுவாங்க.

ஸ்கூல் விஷயத்துலதான் எனக்கு கோவம். ஊனமுற்றவங்க உரிமையை பாதுகாக்க 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்க சட்டம் இருக்கு, ஊனத்தை காரணம் காட்டி கல்வி நிறுவனத்துல சேக்க பாகுபாடு காட்டக்கூடாதுன்னு தெளிவா சொல்லுது. வாயால சொல்லி அனுப்பினா நம்பாம, "ஏலாதுங்கிறதை எழுதித் தாங்க சேர்"னு மரியாதையா கேளுங்க. பெரும்பாலும் அங்கயே பேச்சு மாறும். மாறலைன்னா வலயக் கல்வி அலுவலகத்துல விசேட கல்விக்கு பொறுப்பானவரை பாத்து எழுத்துல குடுங்க, ஒரு கொப்பி உங்ககிட்ட இருக்கட்டும். சேத்ததுக்கு பிறகு டீச்சரோட சண்டை பிடிக்காதீங்க, 40 பிள்ளைங்களை வச்சிட்டு அவங்களும் பாவம்தான். பிள்ளைய முன் வரிசையில, முதுகு சாயிற மாதிரி, கால் ரெண்டும் தரையில படுற உயரத்துல உக்கார வைக்க சொல்லுங்க, கால் எட்டலைன்னா கீழ ஒரு பலகை. உடம்பு ஆடாம இருந்தாத்தான் கையால எழுத வரும். பதில் சொல்ல கொஞ்சம் டைம் குடுக்கவும் சொல்லுங்க.

கேள்வி: எங்க அண்ணனுக்கு வீல்செயார் குடுத்து போட்டோ எடுத்துட்டு போனாங்க. லயத்துக்கு எறங்க படிதான் இருக்கு, வீல்செயார்ல இப்ப கோழி படுக்குது. (பசறை)

பதில்: சிரிக்கிறதா அழுறதா தெரியல. குடுக்கிறவங்க முதல்ல வழியை பாக்கணும், அதுக்கு பிறகுதான் கதிரை. சாய்தளத்துக்கு கணக்கு 1க்கு 12, அதாவது ஒண்ணரை அடி உயரத்துக்கு 18 அடி நீளம் வேணும். நம்ம லயத்து வாசல்ல அதுக்கு எடம் எங்க? முன்பக்கம் சரிவராட்டி லயத்து கோடி வழியா வளைச்சி கொண்டுவர முடியுமான்னு பாருங்க. நிலம் தோட்டத்தோடது, அதனால தொரைகிட்ட (தோட்ட மேலாளர்கிட்ட) கடிதம் குடுத்து அனுமதி எடுத்துட்டு சிரமதானம் வைங்க. சரிவுல எறக்கும்போது தள்ளுற ஆள் பின்பக்கமா நடந்து எறங்கணும், அண்ணன் முகம் மேட்டைப் பாத்து இருக்கணும், இல்லாட்டி முன்னால குப்புற விழுவார்.

கேள்வி: ஊனமுற்றவங்களுக்கான கொடுப்பனவுக்கு எங்க போறது? சிங்களத்துல போர்ம் குடுக்கிறாங்க. (அப்புத்தளை)

பதில்: முதல்ல கிராம சேவகர், பிறகு பிரதேச செயலகத்துல சமூக சேவை உத்தியோகத்தர். அடையாள அட்டை, பிறப்பு சான்றிதழ், கிளினிக் புத்தகம், டொக்டர் கடிதம், எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு போட்டோகொப்பி எடுத்துட்டு போங்க. 1987ல வந்த 13ஆவது திருத்தத்தோட தமிழும் அரச கரும மொழி, அதனால தமிழ் போர்ம் கேக்கிறது உங்க உரிமை, தயங்காதீங்க. வெளங்காத போர்முல கையெழுத்து மட்டும் வச்சிறாதீங்க. குடுத்த திகதியையும் வாங்கினவர் பேரையும் ஒரு கொப்பியில எழுதி வைங்க, அடுத்த தடவை போகும்போது "கெடைக்கவே இல்லையே"ன்னு சொன்னா காட்டலாம்.