பட்டினி போட்ட டிரவுட்டில் வளர்ச்சி ஹார்மோன் ஏன் ஏறுகிறது?

மூன்று வாரம் தீனி நிறுத்திய ரெயின்போ டிரவுட் மீன்களில் ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் கூடியிருக்கிறது, கல்லீரலில், உடலை வளரச் செய்யும் ஐஜிஎஃப்-1 என்ற புரதத்துக்கான மரபணுவின் எம்ஆர்என்ஏ (அந்த மரபணு எவ்வளவு செயல்படுகிறது என்று காட்டும் நகல்) குறைந்திருக்கிறது, மாதிரிகள் மாறிவிட்டனவோ என்று கேட்டிருந்தீர்கள். மாறியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். பட்டினியில் எதிர்பார்க்க வேண்டிய முடிவே இது.

மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன் கல்லீரல் செல்களின் ஏற்பியில் ஒட்டினால்தான் ஐஜிஎஃப்-1 உருவாகும். தீனி இல்லாதபோது இன்சுலின் இறங்குகிறது, அந்த ஏற்பிகளும் குறைகின்றன. ஹார்மோன் கதவைத் தட்டுகிறது, உள்ளே ஆளில்லை. ஐஜிஎஃப்-1 குறைந்ததால் பிட்யூட்டரியை அடக்கும் பின்னூட்டமும் தளர்ந்து, சுரப்பு இன்னும் ஏறுகிறது. ஏறியது வீண் இல்லை. கொழுப்பைக் கரைத்து எரிபொருளாக்க அது உதவுகிறது. வளர்ச்சி ஹார்மோன் என்ற பெயரை வைத்துக்கொண்டு பார்த்தால் குழப்பம்தான் வரும்.

எனக்கு உறுத்துவது வேறு. எம்ஆர்என்ஏ அளவை ஒப்பிட, மாறாமல் இருக்கும் என்று நம்பி பீட்டா-ஆக்டின் என்ற மரபணு ஒன்றை மட்டும் வைத்திருக்கிறீர்கள். பட்டினியில் கல்லீரலே சுருங்கும், அந்த மரபணுவும் அசையக்கூடும். ஈஎஃப்1-ஆல்ஃபா போன்ற இன்னும் ஓரிரண்டைச் சேர்த்து, உங்கள் மாதிரிகளிலேயே அவை நிலையாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அப்புறம், தசை மாதிரி மிச்சம் இருந்தால், தசைப் புரதத்தைச் சிதைக்க உதவும் அட்ரோஜின்-1 மரபணுவைப் பாருங்கள், ஏறியிருக்க வேண்டும். சில மீன்களுக்கு மறுபடி தீனி கொடுத்து, ஐஜிஎஃப்-1 மீண்டும் ஏறுவதைக் காட்டிவிட்டால் மாதிரிச் சந்தேகமும் தீர்ந்துவிடும்.